முகம் கீழே, கழுத்து மேலே

ஒன்றுமில்லாததைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் நடந்தது. சித்தப்பா முதலாளி, அத்தை தொழிலாளி. எனக்கு அப்போது ஒன்பது வயது. பழைய மலையாளப் பத்திரிகைகளைக் கிழித்துப் பந்துபந்தாகக் கசக்கிக் கொடுப்பது என் உத்தியோகம். சம்பளம் கிடையாது. கையெல்லாம் மை என்று அம்மாவிடம் வாங்கும் திட்டு மட்டும் உண்டு.

ஒன்றுமில்லாதது என்று நான் சொல்வதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய காலத்துப் பெரிய புரொஜெக்டர்களுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்ணாடி ட்யூப்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சின்னச் சுரைக்காய் மாதிரி. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு முகம், மறுபக்கம் மெலிந்து நீண்ட கழுத்து. முதல் தடவை அதைக் கையில் கொடுத்தபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. காத்துகூட இல்ல, கேட்டியா. எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு மூடினதாக்கும்" என்றார்.

காலிப் பானை எனக்குத் தெரியும். காலி வீடு தெரியும். காற்றுகூட இல்லாத காலி எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை. அத்தனையையும் வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தை யாருக்காகக் காலியாக வைத்திருக்கிறார்கள்? அன்றிலிருந்து அந்த அறையில் ட்யூப்களுக்கு முதுகைக் காட்டி நான் உட்கார்ந்ததில்லை.

எங்கள் வீடு மலையாள தேசத்தில், கரமனையில். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை, அவர் தம்பியான சித்தப்பாவுக்கு டிவி ரிப்பேர். கழக்கூட்டத்துக் கம்பெனிகள் அப்போது புரொஜெக்டர்களை மாற்றிக்கொண்டிருந்தன. கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த பீரோ கனத்துப் பழைய சாமான்களைப் பழைய இரும்புக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். குளிர் தேசங்களில் எங்கேயோ சில கிறுக்கர்கள் இந்த ட்யூப்களுக்காகத் தவம் கிடக்கிறார்கள் என்று சித்தப்பா பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் அனுப்பிய ஆறில் ஐந்து அங்கே போய்ச் சேரும்போது கண்ணாடித் தூளாகத்தான் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கிறுக்கர்களில் ஒருவர் மனம் இரங்கி, எப்படிக் கட்ட வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். சித்தப்பா அதைத் தன் தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார். முகம் கீழே, கழுத்து மேலே. கழுத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச், ஆனால் கழுத்தில் துளி பாரம் விழக்கூடாது. பெட்டிக்குள் பெட்டி. குலுக்கினால் சத்தம் கேட்கக்கூடாது. அம்மா அதைப் படித்துவிட்டு, "மாப்பிள்ள வீட்டுக்காரங்க கண்டிஷன் மாதிரி இருக்கே" என்றாள்.

அதற்கு அப்புறம்தான் அத்தை இந்த வேலைக்குள் வந்தாள். அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை, இருபத்தெட்டு வயது. கழக்கூட்டத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் பெரிய ஹாலில் மூன்று வருஷம் ரிசப்ஷனிஸ்டாக இருந்தவள். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். நாகர்கோவிலில் இருந்து ஒரு வரன் இரண்டு தடவை கேட்டு அனுப்பியும் அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாலைக் கடைத்தெருவில் மெத்தைக் கடைக்காரன் தூக்கிப்போடும் ஸ்பாஞ்ச் துண்டுகளை வாங்கிவந்து வட்டவட்டமாக வெட்டுவாள். வாழைக்காய் வறுவல் விற்கும் உப்பேரிக் கடையிலிருந்து அட்டைப்பெட்டி. அவள் கை பட்டபிறகு ஒரு ட்யூப்கூட உடைந்ததில்லை. பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிடத்துகிறாள் என்று சித்தப்பா எல்லோரிடமும் பெருமையடித்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் அவள் முரண்டு பிடித்தாள். முகத்தைக் குப்புற வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "பேரே முகம்ணு வச்சிட்டு அதக் குப்புறப் போடச் சொன்னா எப்படி அண்ணே?" என்றாள். எங்கள் வீட்டில் சாமி படத்தை மட்டுமல்ல, கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் படத்தைக்கூடக் குப்புறப் போட மாட்டார்கள். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பழகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ட்யூப்கள் செத்தாலும் கடிக்கும். கரண்டைப் பிடுங்கி இரண்டு நாள் கழித்தும் உள்ளே மிச்சம் இருக்கும். பக்கவாட்டில் உள்ள ரப்பர் மூடிக்குக் கீழே, ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரைச் சித்தப்பா நுழைப்பார். சட்டென்று ஒரு நீலப்பொறி. "போச்சு. இனி ஒண்ணும் செய்யாது" என்பார். செத்தவன் முழுக்கச் சாவதற்கு இப்படி ஒருவர் வந்து தொட்டுவிட வேண்டும் போல என்று நான் புரிந்துவைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஓணம் கழிந்து, அத்தை வேலை பார்த்த அதே ஹாலின் புரொஜெக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் வைத்தார்கள். சித்தப்பா வேர்வையைத் துடைத்தபடி செய்தி சொன்னார்.

"இத ஓட்டிட்டிருந்த ஆப்பரேட்டர் பையன் செத்துப் போனானாமே. ரெண்டு மாசம் ஆச்சாம். பைபாஸ்ல பைக் மேல லாரி ஏறி... ஒனக்குத் தெரிஞ்சிருக்கும் அல்லே?"

"ம்" என்றாள் அத்தை. பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சோதனை. ட்யூபைக் கழற்றும் முன் அதில் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே படத்தை நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படம் ட்யூபின் முகத்தில் கருகிப் பதிந்துவிடும். கறை உண்டா, எவ்வளவு என்று வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஜன்னல்களைக் கம்பளியால் அடைத்தோம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கும்மிருட்டு. சித்தப்பா சுவரின்மேல் முதலில் சிவப்பை மட்டும் விட்டார். சுத்தம். நீலம் விட்டார். சுத்தம். பச்சையைத் திறந்தார்.

சுவர் முழுக்கப் பாசிக்குளம் மாதிரி பச்சை வெளிச்சம் பரவியது. அதன் நடுவே ஒரு பெண் நின்றாள்.

படம் எதுவும் ஓடவில்லை, வெறும் வெளிச்சம்தான். வெளிச்சத்தில் படிந்த அழுக்கு போல அவள் நின்றாள். ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருந்தன. முகம் கறுப்பு. கூந்தல் வெளுப்பு. சிரித்துக்கொண்டிருந்தாள், பற்கள் கறுப்பாக இருந்தன. கட்டியிருந்த புடவை கறுப்பு. கும்பிட்ட கைகளுக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு, அதில் ஐந்து சுடர்கள் கறுப்பாக எரிந்தன. சுவரில் காலண்டர் மாட்டுகிற ஆணி ஒன்று இருந்தது. அது அவளுடைய இடது கண்ணில் சரியாகக் குத்தியிருந்தது.

நான் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாசமாப் போச்சு" என்றார் சித்தப்பா. "நல்வரவு படமாக்கும். ஆள் உள்ள வரும்போ காட்டுவாங்க அல்லே, அது. இவ்வளவு ஆழத்துக்குப் பதியணும்னா மாசக்கணக்கா, பகல் பூரா இதையே விட்டிருக்கணும். போட்டுட்டு ஒறங்கியிருப்பான் அந்தப் பய."

"அவரு ஒறங்கமாட்டார்" என்றாள் அத்தை.

கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. அவள் எப்போது வந்தாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சித்தப்பா கறையின் அளவைக் குறித்துக்கொள்ளும் மும்முரத்தில் இருந்தார். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் அவள் முகமும் ஒரு மாதிரியாகத்தான் தெரிந்தது.

வாங்குகிறவருக்கு ஈமெயில் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தோம். அதுவரை புரொஜெக்டர் பின்னறையிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் எனக்குக் காலை நேரம் மட்டும். மத்தியானம் சாப்பிட்டு அம்மா சாய்ந்துவிடுவாள். திங்கட்கிழமை, தண்ணீர் குடிக்கப் போனவள் பின்னறைக் கதவுக்கடியில் பச்சையாக ஒரு கோடு கிடப்பதைப் பார்த்தேன்.

சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், பயப்படுகிற பிள்ளைகள்தான் எட்டிப்பார்க்கும்; தைரியசாலிகள் விளையாடப் போய்விடும்.

அத்தை உள்ளே நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து அல்ல. சுவருக்கு முதுகைக் காட்டி, அந்தப் பெண் மேலேயே சாய்கிற மாதிரி நின்று, வெளிச்சம் வரும் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரு கைகளையும் கூப்பியிருந்தாள். சுவரிலிருந்தவளின் கறுப்பு முகம் அத்தையின் முகத்தின்மேல் பாதி விழுந்திருந்தது. கும்பிட்ட கை கும்பிட்ட கையோடு பொருந்தியது. மூக்கு மூக்கோடு பொருந்தியது. நெற்றி, மோவாய், தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்க்கும் அந்தச் சாய்ப்பு, எல்லாம் ஒன்றாக இருந்தன. சுவரில் நின்றது என் அத்தைதான்.

பிறகு அவள் பேசினாள். மலையாளத்தில் பேசினாள். வீட்டில் சித்தப்பா பாதிக்குப் பாதி மலையாளம் கலப்பார். அத்தை மட்டும் சுத்தமாகத் தமிழ்தான் பேசுவாள்.

"எந்தே ஒண்ணும் பறஞ்ஞில்லா?" என்றாள்.

ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்கிறாள். யாரிடம்? அறையில் அவளைத் தவிர எவருமில்லை. சிறிது நேரம் பதிலுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். மறுபடியும் அதையே கேட்டாள். புரொஜெக்டரின் மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்தது என்றால் நம்ப வேண்டும். அம்மாவிடம், பின்னறையில் பேய் இருக்கிறது என்றேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லி நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அத்தையைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் கோடங்கியைக் கூப்பிட்டு அத்தையை அடிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

ஆனால் விஷயம் எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்டது. ஆப்பரேட்டர் செத்துப்போனான். காற்றுகூட இல்லாத ட்யூபுக்குள் புகுந்துகொண்டான். காலியாக இருந்த இடம்தானே. அங்கே இருந்துகொண்டு அத்தையின் உருவத்தை உள்ளே இழுத்துவிட்டான். மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறான். அதனால்தான் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று தினமும் மத்தியானம் அந்தப் பச்சைக் கோடு கதவுக்கடியில் வந்தது. தினமும் அதே கேள்வி.

வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது. கறை இருந்தாலும் பரவாயில்லை, மூன்றையும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார் அந்தப் புண்ணியவான். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அத்தை கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பச்சைய மட்டும் எனக்குத் தா."

"ஒனக்கு எதுக்குடி அது? செடி வைக்கவா?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்றாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனார். பெட்டி போனால் அதற்குள் இருக்கும் அத்தையும் போய்விடுவாள். போகாமல் இங்கேயே இருந்தால் வெளியே இருக்கிற மிச்ச அத்தையையும் அது இழுத்துக்கொள்ளும். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு அத்தை இல்லை. அத்தை என்றால் எனக்கு உயிர். அம்மா அடித்தால் அவள் மடியில்தான் போய் விழுவேன்.

சனிக்கிழமை காலை சித்தப்பா மூன்று ட்யூபையும் கழற்றினார். பச்சையின் ரப்பர் மூடிக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரை விட்டபோது பொறி வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. அத்தை "ஐயோ" என்றாள். கழற்றியபின் ஜன்னல் வெளிச்சத்தில் அதன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்த பூச்சின்மேல் தீப்பெட்டிப் படம் அளவுக்குப் பழுப்பாக ஒரு பெண், கும்பிட்டபடி.

சித்தப்பா விலாசச் சீட்டு அச்சடிக்க ஸ்கூட்டரில் தம்பானூருக்குப் போனார். சீட்டோடு பார்சல் ஆபீஸ் வாசலில் நிற்பதாகவும், பெட்டிகளை அத்தை ஆட்டோவில் கொண்டுவர வேண்டும் என்றும் ஏற்பாடு. சிவப்பையும் நீலத்தையும் அத்தை வழக்கம் போலக் கட்டினாள். பச்சைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஸ்பாஞ்சை வெட்டி வெட்டிப் பார்த்தாள். பத்திரிகைத் தாளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, உள்ளே போய்த் தன்னுடைய பழைய பாவாடை ஒன்றை எடுத்துவந்து அதன் முகத்துக்கு மெத்தையாக மடித்துவைத்தாள். ட்யூபைக் கவிழ்க்கும் முன் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள்.

"ஒடையாமப் போய்ச் சேரணும் மக்கா" என்றாள் என்னிடம். "எங்கயாவது இருந்தா போதும்."

பெட்டியின் காதுகளை மடித்து மூடிவிட்டு, டேப் ஒட்டும் முன் புடவை மாற்றப் போனாள். அறையில் நானும் மூன்று பெட்டியும்தான்.

செய்யக்கூடாதது என்னென்ன என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மாசக்கணக்காகத் தினமும் பார்த்த எழுத்து. காதுகளைப் பிரித்தேன். கழுத்தைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் வளையத்தை உருவினேன். இரண்டு கையாலும் ட்யூபைத் தூக்கினேன், நினைத்ததைவிடக் கனம். முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பினேன். முகம் மேலே, கழுத்து கீழே. முழுப் பாரமும் அந்த மெலிந்த கழுத்தின்மேல். பாவாடையை மேலே போட்டு மூடினேன். ஸ்பாஞ்ச் வளையத்தை என் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்தேன். அத்தை வந்து டேப் ஒட்டினாள். வழக்கமாகக் குலுக்கிப் பார்ப்பவள், அன்று அதைக் குலுக்க மனமில்லாமல் அப்படியே பெரிய பெட்டிக்குள் இறக்கிக் கட்டினாள்.

ஆட்டோவில் சிவப்பும் நீலமும் எங்கள் காலடியில் இருந்தன. பச்சையை அத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு. கிள்ளிப்பாலம் தாண்டி ஒரு குழியில் ஆட்டோ இறங்கி ஏறியது.

வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். வெடிக்கவில்லை. மெதுவாக ஒரு முறிவு, கரும்பை ஒடிப்பது போல. உடனே பெட்டிக்குள்ளிருந்து ஒரு மூச்சு. தண்ணீருக்கடியில் கிடந்தவன் தலையைத் தூக்கி வாய் நிறையக் காற்றை இழுப்பது மாதிரி, ஸ்ஸ்ஸ் என்று நீளமாக, மேலும் மேலும் உள்நோக்கி இழுத்தது. பிறகு நின்றது. இழுத்த மூச்சு வெளியே வரவேயில்லை.

டயர் வெடித்துவிட்டதோ என்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "எந்தா சேச்சீ, டயரானோ?"

"அல்ல. ஒண்ணுமில்லா. போய்க்கோளூ" என்று வண்டியை விடச் சொன்னாள் அத்தை.

குனிந்து பெட்டியின்மேல் காதை வைத்தாள். தம்பானூர் வரும்வரை எடுக்கவில்லை. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, காதை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பயமும் பெருமையுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நாந்தான் அத்தே திருப்பி வச்சேன். அது ஒங்கள இழுத்திட்டிருந்து. இனி ஒங்கள ஒண்ணும் செய்யாது."

அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டி என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பார்சல் ஆபீஸ் படியில் சித்தப்பா பெட்டியைப் பிரித்தார். கழுத்து முறிந்து கிடந்தது. முகத்தின் கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கழுத்து வழியாகப் பாய்ந்த காற்று நேரே முகத்தில் போய் மோதி, உள்பூச்சை நடுவில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஓரத்தில் ஒரு விளக்குச் சுடர் மிச்சம் இருந்தது. கும்பிட்டவள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அதன் வழியாகத் தம்பானூர் பஸ்ஸ்டாண்ட் தெரிந்தது.

"யாருடி இப்படி வச்சது?" சித்தப்பா கத்தின கத்தலில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"நாந்தான்" என்றாள் அத்தை. "முகத்தக் குப்புற வைக்க மனசு வரல அண்ணே. மல்லாக்க வச்சிட்டேன்."

சித்தப்பா அதைச் சந்தேகிக்கவே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் செய்யக்கூடிய காரியம்தான் அது. பின்னாளில் சொந்தக்காரர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். அந்த மாதமே நாகர்கோவில் வரனுக்குச் சரி சொல்லிவிட்டாள். என் கணக்கில், பேய் விட்டுப்போனதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வகுப்பில் எல்லோரிடமும், பேயோட்டியவள் என்ற தோரணையில் நடந்தேன்.

இருபது வருஷம் கழித்து, நாகர்கோவிலில் அவள் வீட்டு மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது துணிந்து கேட்டேன். அந்த ஆப்பரேட்டருக்கும் உங்களுக்கும் பழக்கம் இருந்ததா என்று. அத்தை துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல மக்கா. காலைல வந்தா ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். வரவேற்புக்கு என்னைய ஒரு போட்டோ எடுத்தாங்க, வீட்டுல திட்டுவாங்கண்ணு நான் சொல்லல. ஆள் வரும்போ அரை மணி நேரம் போடுற படமாக்கும் அது." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "பகல் பூரா அந்த இருட்டுல தனியா ஒக்காந்து அதையே போட்டுப் பாத்திட்டிருந்திருக்காரு. நான் வெளிய மேசைலதான் இருந்தேன். பத்தடி தூரம். எனக்கே அந்தக் கறையப் பாத்துதான் தெரியும்."

மாமா கீழேயிருந்து கூப்பிட்டார். "வாறேன்" என்று எழுந்து போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று இன்றும் தெரியவில்லை. அவளை ஒருவன் அத்தனை ஆசையாகப் பார்த்தான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை ஆறு நாள்தான் அவளால் வைத்திருக்க முடிந்தது. உடைத்தது நான். அவளுக்காகத்தான் உடைத்தேன்.

அன்றைய மத்தியானத்தை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பார்சல் ஆபீசிலிருந்து வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தையை மீட்டுவிட்ட நிம்மதியில் எனக்கு அப்படியொரு பசி. ஒரு வாரமாக ஒழுங்காகத் தின்னாத பிள்ளை இரண்டாம் தடவையும் சோறு கேட்கிறதே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். அத்தைதான் பரிமாறினாள். நெய் விட்டுப் பிசைந்தும் கொடுத்தாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.